கடைசி வரியில் அச்சகத்தின் பெயர்

சின்ன ஊரில் அகால வேளையில் கதவு தட்டப்படும் வீடுகள் கொஞ்சம்தான். டாக்டர் வீடு, பங்குச் சாமியார் வீடு, வாடகைக் கார் வைத்திருப்பவர் வீடு. திண்டுக்கல்லில் அந்த வரிசையில் அச்சகக்காரர் வீடும் இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், விடிவதற்குள் தெருமுனையில் ஒட்ட நோட்டீஸ் வேண்டும். வேடசந்தூர், நத்தம், வத்தலக்குண்டு போகும் முதல் பஸ்களில் கட்டு ஏற வேண்டும். வீட்டுக்கு வீடு டெலிபோன் வராத அந்தக் காலத்தில் சொந்தபந்தத்துக்குச் செய்தி போன வழிகளில் அதுவும் ஒன்று.

எங்கள் முதலாளி அந்த நேரத்தில் வருகிறவர் நீட்டும் காகிதத்தை அப்படியே கம்போசிங்குக்குத் தர மாட்டார். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், பிள்ளைகள், மருமக்கள், அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் கையால் திரும்ப எழுதுவார். "அழுகிற கை எழுதுனதுல இனிஷியல் தப்பும் தம்பி. நாமதான் நிதானமா இருக்கணும்" என்பார். நான் இந்தத் தொழிலில் கற்ற முதல் பாடம் அதுதான். எழுத்துக் கோக்கப் பழகியதெல்லாம் அதற்குப் பிறகு.

1969-ல் பள்ளிப் படிப்பு நின்றதும் மேற்கு ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அவருடைய அச்சகத்தில் சேர்ந்தேன். புனிதர் ஒருவரின் பெயர் தாங்கிய சின்னக் கடை. முன்கட்டில் அச்சகம், பின்கட்டில் வீடு. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. முதலாளி என்றே எழுதுகிறேன். அவர் இளவயதில் திருச்சியில் சேசு சபையார் நடத்திய தொழிற்பள்ளி அச்சகத்தில் வேலை பழகியவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குத் திருச்சிதான் மறைமாவட்டத் தலைமை. படிப்போ தொழிலோ வேண்டுமென்றால் பையன்களை அங்கேதான் அனுப்புவார்கள். ஜெபப் புத்தகமும் இலக்கணமும் அச்சிட்ட இடத்தில் பழகியதால், ஒரு எழுத்து சாய்ந்து நின்றாலும் அவருக்குப் பொறுக்காது.

எங்களிடம் இருந்தது காலால் மிதிக்கும் ஒரு ட்ரெடில். பிறகு மோட்டார் வைத்த இன்னொன்று வந்தது. கை பழகிய மிஷின்மேன் மணிக்கு ஆயிரம் தாள்வரை ஓட்டுவார். இடது கை அடித்த தாளை எடுக்கும், வலது கை வெறுந்தாளை வைக்கும். கண் ஒரு நொடி அசந்தால் விரல் போகும். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி மூன்றும் கலந்து வார்த்த எழுத்துகள் கேஸில் அறை அறையாகக் கிடக்கும். ஆங்கிலத்துக்கு உள்ளதைவிடத் தமிழுக்கு அறைகள் மிக அதிகம். கு, சு, து வரிசைக்கும் கூ, சூ, தூ வரிசைக்கும் எழுத்துக்கு எழுத்து தனி வார்ப்பு. ஸ்டிக்கில் எழுத்தைத் தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்கி, தலைகீழாகவே படித்துப் பழக வேண்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாதவனை அம்மா, அதாவது முதலாளியின் மனைவி, பந்தியில் உட்கார விட மாட்டார். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது என்பதில் அவருக்கு அத்தனை கண்டிப்பு. வேலையாட்கள் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

வெயில் காலத்தில் எங்களுக்கு வேறொரு சோதனை உண்டு. மை தடவும் ரோலர் அப்போது ரப்பர் அல்ல. வச்சிரமும் வெல்லப்பாகும் கிளிசரினும் காய்ச்சி வார்த்தது. வச்சிரத்துக்கு மூலப்பொருள் தோல் துணுக்கு. தோல் ஷாப்புகள் நிறைந்த எங்கள் ஊரில் அந்த வாடை எவருக்கும் புதிதல்ல. சித்திரை வெயிலில் ரோலர் இளகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோடையில் பெரிய வேலைகளை விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடிப்போம். முதலாளி அன்றும் முதல் பூசைக்குப் புனித வளனார் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார். நாங்கள் மிஷினை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கோவில் மணி கேட்கும். சற்று நேரத்தில் அவர் சைக்கிள் சந்துக்குள் நுழையும்.

சிறிய அச்சகத்தின் வருமானம் மாதக் கணக்கில் ஏறி இறங்கும். தை, வைகாசி, ஆவணி என்றால் கல்யாண அழைப்பிதழ். ஜூன் என்றால் பள்ளிக்கூட ரசீதுப் புத்தகம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் திருவிழா நோட்டீஸ் உண்டு. இவற்றுக்கு நடுவே வருஷம் முழுவதும் சோறு போட்டவை கமிஷன் மண்டிகளின் பில் புத்தகம், பூட்டுப் பட்டறைகளின் அட்டைப்பெட்டிச் சீட்டு, புகையிலைக் கடைகளின் லேபிள், சின்னாளப்பட்டி சேலைக்காரர்களின் விலைச் சீட்டு. வெங்காய மண்டிக்கு மூன்று பிரதி பில் புத்தகம் அடிப்பதில் அழகு ஒன்றும் தெரியாது. ஆனால் நம்பர் வரிசையில் ஒன்று விடுபட்டால் மண்டிக்காரருக்கு வரி அதிகாரியிடம் பதில் சொல்ல முடியாது. நம்பரிங் மிஷின் பல் மாட்டிக்கொண்டால் அதே எண் இரண்டு தாளில் விழும். அதனால் கட்டிய ஒவ்வொரு புத்தகத்தையும் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குடும்பம் மொத்தமும் அச்சகத்தின் பைண்டிங் செக்‌ஷன்தான்.

வீடும் தொழிலும் ஒரே கூரையில் இருந்தாலும் அவற்றுக்கு நடுவே அவர் ஒரு கோடு வைத்திருந்தார். பரீட்சைக் கேள்வித்தாள் அச்சிடும் வேலை வரும். நல்ல கூலி, ரொக்கப் பணம். அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தாள் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வேறு பள்ளிக்கு அடிக்கும்போதும் வீணான தாள்களை எண்ணி அடுப்பில் போடுவார். கோத்த எழுத்தை அன்றைக்கே கலைத்துக் கேஸில் போடச் சொல்வார். கேள்வி வெளியே போய்விட்டதாக அவருடைய அச்சகத்தைப் பற்றி ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. சின்ன ஊரில் ஒரு முறை வந்தால் போதும், கடையை மூட வேண்டியதுதான்.

கல்யாண அழைப்பிதழ் வேலைதான் எங்களை ஊரின் உள்வீடுவரை கொண்டுபோனது. "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் வாசகம் எப்போதும் ஒன்றே. ஆகவே அதைக் கோத்து நூல் கட்டி அப்படியே வைத்திருப்போம். பெயர், தேதி, மண்டபம் மட்டும் மாற்றுவோம். அம்மன் துணை, இயேசு மரி சூசை, 786 என்று தலைவரிசையும் தனித்தனியாகத் தயாராக இருக்கும். முகூர்த்த நாள் நெருங்கினால் 'ம்' தீர்ந்துபோகும், 'ன்' தீர்ந்துபோகும். ஒரு வீட்டு அழைப்பிதழ் மிஷினை விட்டு இறங்கினால்தான் அடுத்த வீட்டுக்கு எழுத்துக் கிடைக்கும்.

ஆனால் உண்மையான சிக்கல் பெயர் வரிசையில். யார் முதலில், தாய்மாமன் எங்கே, மூத்த சம்பந்தியை எந்த எழுத்து அளவில் போடுவது என்று கடை வாசலிலேயே சண்டை நடக்கும். ஒரு பையன் தன் கல்யாணத்துக்கு எழுதிக் கொண்டுவந்த தாளில் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அழைப்பவர் இடத்தில் சித்தப்பா பெயர். தாயின் பெயரைக் காணோம்.

"அம்மா பேர் எங்கப்பா?" என்றார் முதலாளி.

"அவுக பேரு வேணாம்னு வீட்டுப் பெரியவுக சொல்லிட்டாக ஐயா. நல்ல காரியம்ல."

"உன்னய வளர்த்து ஆளாக்குனது யாரு?"

பையன் பேசவில்லை. "சாயங்காலம் உங்க சித்தப்பாவக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் கம்போஸ் பண்ணாம வச்சிருக்கேன்" என்று அனுப்பிவிட்டார்.

சித்தப்பா வந்தார். முதலாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அந்த அம்மாள் எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளையைப் படிக்கவைத்த கதையை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். அறிவுரை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவரே, "போடுங்கய்யா, அவுக பேரையே மேல போடுங்க" என்றார். அன்று அந்த அம்மாளின் பெயரைப் பதினெட்டுப் பாயிண்டில் கோத்தேன். அதன் பிறகு அப்படிப் பெயர் விடுபட்ட தாள்கள் வரும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வியையே நானும் கேட்டு வந்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்ட வீடுகளும் நிறைய உண்டு.

அவருடைய விசுவாசம் கோவிலோடு நின்றுவிடவில்லை. மிஷின் வரைக்கும் வந்தது. பெரிய வெள்ளியன்று ட்ரெடில் ஓடாது, எவ்வளவு அவசரம் என்றாலும். அதே கண்ணியத்தைப் பிறருடைய நம்பிக்கைக்கும் கொடுத்தார். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் அடிக்கும்போது, விரதம் இருந்து மாலை போட்ட மிஷின்மேனுக்குப் பின்கட்டில் தனியாகச் சமைத்துப் போடுவார் அம்மா.

எல்லாவற்றையும்விட அவர் பயந்து செய்த வேலை ரமலான் நோன்பு அட்டவணை. பேகம்பூரில் இருந்து பெரியவர்கள் காப்பி கொண்டுவருவார்கள். முப்பது நாளைக்கு ஸஹர் முடியும் நேரம், இப்தார் நேரம். கட்டம் கட்டி எண்களை அடுக்குவது லெட்டர்பிரஸ்ஸில் மிகக் கடினமான வேலை. ஒரு ரூல் அரைப் பாயிண்ட் நீண்டால் மொத்தக் கட்டமும் கோணும். எங்கள் ஊரில் ஸஹர் நேரம் நாலு, ஐந்து மணியையும் இப்தார் ஆறு மணியையும் சுற்றியே வரும். ஆகவே 4, 5, 6 எண்கள் தீர்ந்துபோகும். வேறு அளவு எண்ணைக் கலந்து போடலாமே என்று யாராவது சொன்னால் ஒப்ப மாட்டார். பக்கத்து அச்சகத்தில் கடன் வாங்கி வருவோம். புரூஃபை அவர் படிக்க, காப்பியை நான் உரக்கச் சொல்ல, பிறகு ஆள் மாறி இன்னொரு முறை. "ஒரு நிமிஷம் முந்தி அடிச்சிட்டா அத்தனை வீட்டு நோன்பும் நம்ம தலையில" என்பார். அந்த வேலைக்கு அவர் காகிதச் செலவு தவிர வேறு வாங்கியதில்லை. அவர் படுக்கையில் விழுந்தபோது பேகம்பூர் பாய்மார்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதே காலத்தில் அவருடைய சொந்தக் கோவிலிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்தது. அதையொட்டி லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை காதால் கேட்டதை மக்கள் இனிக் கையில் வைத்துப் படிக்க வேண்டும். பாட்டுத் தாள், செபத் தாள், பிறகு சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகம் என்று ஊர் ஊராகத் தேவை வந்தது. மாரம்பாடி, புகையிலைப்பட்டி போன்ற கிராமங்களில் இருந்து உபதேசியார்கள் சைக்கிளில் வந்து காத்திருந்து வாங்கிப் போனார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதானவர்களுக்காக அவர் பன்னிரண்டு பாயிண்டுக்குக் கீழே போகவே மாட்டார். காகிதம் கூடும், லாபம் குறையும், பரவாயில்லை என்பார்.

முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழா நோட்டீஸும் எங்களிடம் வந்த காலம் உண்டு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று காணிக்கை கொண்டுவந்து குவிக்க, எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து, சாதி மதம் பாராமல் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ராத்திரி முழுக்கப் பரிமாறும் விருந்து அது. நோட்டீஸில் உபயதாரர் பட்டியல் நீளமாக வரும். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் பெயர் பெரிதாக, ஒரு படி அரிசி கொடுத்தவர் பெயர் சிறிதாக என்று வழக்கம் வரப் பார்த்தது. எல்லாப் பெயருக்கும் ஒரே எழுத்து என்று அவர் பேசி முடித்துவிட்டார். ஒரே பந்தியில் சாப்பிடப் போகிறவர்களைத் தாளில் பிரித்து உட்காரவைப்பானேன் என்பது அவர் கேள்வி.

அரசியல் எங்கள் கடைக்குள் முழு வேகத்தில் நுழைந்தது 1973-ல். திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல், மே 20. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கட்சிக்கு முதல் தேர்தல். மாயத்தேவர் வேட்பாளர், இரட்டை இலை சின்னம். ஊரில் எந்த அச்சகத்திலும் மிஷின் நிற்கவில்லை. சுவரொட்டிக்கு ஈய எழுத்துப் போதாது. மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளும் சின்னங்களின் மரக்கட்டை பிளாக்கும் வேண்டும். எல்லாக் கட்சிக்காரரும் வந்தார்கள், எல்லோருக்கும் அடித்தோம்.

ஆனால் முதலாளி இரண்டு நிபந்தனை வைத்திருந்தார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவின்படி தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்ட உறுதிமொழியை இரண்டு பேர் சாட்சியத்தோடு வாங்கி, அச்சிட்ட பிரதியோடு மாவட்ட அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம்வரை சிறை. இதைக் கேட்டாலே சிலர் கடை மாறிவிடுவார்கள். இரண்டாவது நிபந்தனை சட்டத்தில் இல்லாதது: எதிராளியின் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அடிக்க மாட்டார். இரட்டிப்புக் கூலி தருவதாக ராத்திரியில் வந்து நின்றவர்கள் உண்டு. "கடைசி வரியில எங்க கடைப் பேர் இருக்குமே ஐயா. நாளைக்கு நான் அந்தத் தெருவுல எப்படி நடக்குறது?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். பெயரில்லாமல் அடித்துத் தரக் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

அந்தக் கடைசி வரிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1867-ம் வருஷத்து அச்சகச் சட்டம், அச்சாகும் நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. அச்சகம் வைத்திருப்பவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றது. வெள்ளைக்காரன் ஆளைப் பிடிக்கப் போட்ட சட்டம்தான். ஆனால் நம் ஆட்கள் பலர் அச்சுத்தொழிலைப் பயத்தோடு பார்க்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1849-ல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்து யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை தொடங்கியது தன் சமயத்துக்கும் தன் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கும்தான். எங்கள் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா சிறைக்குப் போய் நோயோடு திரும்பிய பிறகும் 1913-ல் 'ஞானபாநு' பத்திரிகை தொடங்கினார். அதே வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' தொடங்கினார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். இவர்களைப் பற்றி முதலாளி வேலைக்கு நடுவே சொல்வார். அச்சுத்தொழிலில் ஊருக்காகக் கைப்பணத்தைப் போட்டவர்கள் நமக்கு முன்னால் இருந்தார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அரசாங்கம் ஒரு ஆணை போட்டால் சின்ன அச்சகத்தில் என்ன நடக்கும் என்பதை 1978-ல் பார்த்தேன். அந்த அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935 முதல் தன் பத்திரிகையில் கடைப்பிடித்த முறையில் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை நான்கும் முன்பு யானைத் துதிக்கைபோலச் சுழித்த கொம்போடு தனி வார்ப்பாக இருந்தன. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்களும் அப்படியே. மொத்தம் பதின்மூன்று எழுத்து மாறின. கேஸில் அறைகள் காலியானது நல்லதுதான். ஆனால் தனியே நிற்கும் 'ை' குறி எங்களிடம் கொஞ்சமே இருந்தது. லை, னை இல்லாத வரி தமிழில் ஏது? புது வார்ப்பு வரும்வரை அரைப் பக்கம் கோத்து, அடித்து, கலைத்து, மறு அரைப் பக்கம் கோத்தோம். வயதானவர்கள் பழைய எழுத்திலேயே அழைப்பிதழ் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதியது, தாத்தாக்களுக்குப் பழையது என்று வெகுகாலம் இரண்டு கேஸ் வைத்திருந்தோம்.

1985 செப்டம்பர் 15-ல் மதுரையில் இருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. 'மதுரை மாவட்டம்' என்று அச்சான அத்தனை லெட்டர் பேடும் ரசீதும் செல்லாக் காசாயின. பிறகு மாவட்டத்தின் பெயரோடு அண்ணா சேர்ந்தார், காயிதே மில்லத் சேர்ந்தார், மன்னர் திருமலை சேர்ந்தார். 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர் பெயர்கள் நீங்கி, ஊர்ப் பெயர் மட்டும் நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களுக்கு வேலை வந்தது. அப்போதும் முதலாளி, "பழைய பேடு எவ்வளவு மிச்சம் இருக்கு? அதுல ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கங்க, தீர்ந்ததும் வாங்க" என்று சங்கங்களையும் சிறு கடைகளையும் திருப்பி அனுப்பினார். வந்த வேலையை விடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. பேடு தீர்ந்ததும் அவர்கள் வேறு கடைக்குப் போகவில்லை என்பதைக் கண்ட பிறகுதான் அந்தக் கணக்கு புரிந்தது.

ஈய எழுத்தின் காலம் எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் முடிந்தது. முதலில் சிவகாசியில் இருந்து ரெடிமேட் கார்டு ஆல்பம் வந்தது. பூ, பிள்ளையார், சிலுவை எல்லாம் பலவண்ண ஆஃப்செட்டில் அச்சாகி வரும். நாங்கள் உள்ளே பெயர் மட்டும் அடிப்போம். பிறகு கோயம்புத்தூரில் செய்த மினி ஆஃப்செட் வந்தது. கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கர் வந்தது. கடைக்கு ஒரு தமிழ் ஃபாண்ட். இங்கே தட்டியதை அடுத்த கடையில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அந்தக் குழப்பம் யூனிகோடு வரும்வரை தீரவில்லை. ஐம்பது வயது தாண்டிய கம்போசிட்டர்கள் பலருக்கு எங்கும் வேலை இல்லாமல் போயிற்று. சிலர் பைண்டிங்குக்குப் போனார்கள், சிலர் மில் வாட்ச்மேன் ஆனார்கள். முதலாளி எவரையும் வெளியே அனுப்பவில்லை. கண் நன்றாக இருந்த இருவரைப் புரூஃப் பார்க்க உட்காரவைத்தார். ஈயத்தைக் கிலோ கணக்கில் விற்ற பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் வேலையாட்களுக்குச் சர்வீஸ் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். அவருடைய மகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்து டிடிபியை எடுத்து நடத்தினார். சில வருஷம் கழித்து நானும் தனியாக ஒரு சின்னக் கடை போட்டேன். முதல் ரீம் காகிதம் அவர் வாங்கிக் கொடுத்தது.

2003 நவம்பரில் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானதை அவர் இருந்து பார்த்தார். திருச்சிக்குப் போய்த் தொழில் பழகியவருக்குத் தன் ஊர் ஆலயமே பேராலயமானதில் அத்தனை சந்தோஷம். சில ஆண்டுகளில் இறந்தார். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் கட்சிக்காரர்கள், பாய்மார்கள், கோவில் தர்மகர்த்தாக்கள், மண்டிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்த நோட்டீஸை நாங்கள் பழைய வேலையாட்கள் சேர்ந்து செய்தோம். வாசகத்தை இரண்டு பேர் மாறி மாறி உரக்கப் படித்துச் சரிபார்த்தோம்.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்களை நான் தனியாகச் சந்தித்தேன். ஃபிளெக்ஸ் வந்தது, ஒரு மணி நேரத்தில் ஆள் உயரப் பேனர். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ல் ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் மணிக்கணக்கில் நின்றபோது, காலால் மிதித்து ஓட்டிய ட்ரெடிலை நினைத்துக்கொண்டோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் எல்லாக் கடைக்கும் புது எண்ணோடு பில் புத்தகம் வேண்டியிருந்தது. அதுவே சிறிய அச்சகங்களுக்குக் கடைசிப் பெரிய அறுவடை. இப்போது அந்தப் பில்லும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. 2020-ல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்றானபோது, முதல் சில வாரம் ஆர்டரே இல்லை. பிறகு இ-பாஸ் வாங்க அழைப்பிதழ் காட்ட வேண்டும் என்பதால், இருபத்தைந்து கார்டு அடித்துத் தரச் சொல்லி வந்தார்கள். இன்று வாட்ஸ்அப்பில் அழைப்பு போகிறது. அது வேகமானது, செலவில்லாதது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் மரணச் செய்தி முதல் பஸ்ஸுக்குக் காத்திராமல் கிடைப்பது நல்லதுதானே.

ஆனால் இடையில் ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறார். முன்பு எழுதியவருக்கும் ஊருக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் படித்தார், கேட்டார், திருத்தினார், சிலதை மறுத்தார். இன்றைக்குத் தட்டியவன் விரலில் இருந்து நேரே ஊருக்குப் போய்விடுகிறது. பெயர் தவறிய இரங்கல் பேனரும், யார் போட்டதென்று தெரியாத அவதூறும் அதனால்தான் பெருகுகின்றன. 1867-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் இயற்றிய புதுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அது பத்திரிகைகளைப் பற்றியது, நூல்கள் அதன் வரம்பிலேயே இல்லை. தேர்தல் சுவரொட்டிக்கு மட்டும் பழைய கட்டாயம் தொடர்கிறது. ஆக, மற்றவற்றில் பெயர் போடுவதும் போடாததும் பெரும்பாலும் நம் மனசாட்சியின் பொறுப்பு.

என் கடையில் இப்போது டிசைன் செய்யும் பிள்ளைகளுக்கு மை வாடை தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களிடம் நான் கேட்பது சில காரியம்தான். வாடிக்கையாளர் அனுப்பிய எழுத்தை அப்படியே ஒட்டாமல் ஒரு முறை உரக்கப் படியுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மற்றொருவரின் மானத்தைத் தொடும் வரி இருந்தால் காசைத் திருப்பிக் கொடுங்கள். செய்து முடித்த வேலையில், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடைசி வரியில் கடைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடுங்கள். அந்த வரியைப் போடக் கூச்சமாக இருக்கும் வேலை வந்தால், அதை நம் கடையில் எடுக்கத் தேவையில்லை.